ஒரு கமா விடுபட்டால் காசு யார் கையிலிருந்து போகும்?

#1 தாமிரபரணி (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். போன வாரம் எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பெண் ஒரு கேள்வி கேட்டாள். "அக்கா, பட்டியல்ல கடைசியா வர்ற 'அண்ட்'டுக்கு முன்னாடி கமா போடலாமா கூடாதா? ஸ்கூல்ல போட்டா சிவப்பு மையில அடிச்சிடுவாங்க. இந்த அமெரிக்கக் கம்பெனி ஃபைல்ல எல்லா இடத்திலயும் போட்டிருக்காங்களே?"

பதினாறு வருடமாக ஒப்பந்தங்களையும் சுற்றறிக்கைகளையும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவருவதுதான் என் பிழைப்பு. "ரெண்டும் சரிதாம்மா" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம், மனம் ஒப்பவில்லை. அந்தக் கமாவுக்கு ஆக்ஸ்ஃபோர்ட் கமா என்று பெயர். ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக அச்சகத்தின் வழக்கத்திலிருந்து வந்த பெயர் அது. அமெரிக்கப் பதிப்பாளர்கள் பின்பற்றும் சிகாகோ நடைக் கையேடு போடச் சொல்கிறது. அசோசியேட்டட் பிரஸ் என்ற செய்தி நிறுவனத்தின் கையேட்டைப் பின்பற்றும் பத்திரிகைகளும் பெரும்பாலான பிரிட்டிஷ் பத்திரிகைகளும் தேவைப்பட்டால் மட்டுமே போடுகின்றன. நம் பள்ளிகளில் போடாத கட்சிதான் அதிகம். இதையெல்லாம் சொல்லிவிட்டு, மெய்ன் மாநிலத்துப் பால் வண்டிக்காரர்களின் கதையைச் சொன்னேன். இங்கேயும் சொல்கிறேன், ஏனென்றால் இது வெறும் நடை விவகாரம் என்று நினைப்பவர்கள் இந்தக் குழுவில் நிறைய இருக்கிறார்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் மெய்னில், வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் வேலை பார்த்தால் ஒன்றரை மடங்கு சம்பளம் தர வேண்டும். சில வேலைகளுக்கு மட்டும் சட்டத்திலேயே விலக்கு உண்டு. கெட்டுப்போகும் உணவுப் பொருட்களைக் கையாளும் வேலைகள் அவற்றில் ஒரு வகை. சட்ட வாசகத்தைத் தமிழ் எழுத்தில் அப்படியே தருகிறேன்:

"தி கேனிங், ப்ராசஸிங், ப்ரிசர்விங், ஃப்ரீஸிங், ட்ரையிங், மார்க்கெட்டிங், ஸ்டோரிங், பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன் ஆஃப்..."

இதற்குப் பிறகு விளைபொருள், இறைச்சி, மீன், அழுகும் உணவு என்று வரும்.

ஓக்ஹர்ஸ்ட் பால் பண்ணையின் வண்டி ஓட்டுநர்கள் 2014இல் வழக்குப் போட்டார்கள். அவர்கள் பாலைக் கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், அதாவது வினியோகம் செய்பவர்கள். பொதி கட்டுபவர்கள் கிடையாது. கேள்வி இதுதான். 'டிஸ்ட்ரிப்யூஷன்' (வினியோகம்) பட்டியலில் தனி வேலையா, அல்லது 'பேக்கிங்' (பொதி கட்டுதல்) எதற்காக என்று சொல்லும் இரண்டு காரணங்களில் ஒன்றா? 'ஷிப்மென்ட்'டுக்கு (அனுப்புதல்) பிறகு ஒரு கமா இருந்திருந்தால் வினியோகம் தனி வேலை, ஓட்டுநர்களுக்கு ஓவர்டைம் இல்லை. கமா இல்லை. கீழ் நீதிமன்றம் பண்ணை பக்கம் நின்றது. 2017 மார்ச்சில் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஓட்டுநர்கள் பக்கம் திரும்பியது. 2018இல் பண்ணை 50 லட்சம் டாலர் கொடுத்து சமரசம் செய்துகொண்டது.

இதைத் தமிழில் பெயர்க்க உட்கார்ந்தேன். ஒன்று, "அனுப்பவோ வினியோகிக்கவோ பொதி கட்டுதல்" என்று எழுத வேண்டும். அல்லது, "அனுப்புவதற்காகப் பொதி கட்டுதல், வினியோகித்தல்" என்று எழுத வேண்டும். இரண்டுக்கும் நடுவில் நிற்க ஒரு வாக்கியம் கிடைக்கவில்லை. ஒவ்வொரு சொல்லின் வாலிலும் 'உம்'மோ 'ஓ'வோ ஒட்டுகிற மொழி நம்முடையது. ஆங்கிலம் கமாவை நம்பிப் பிழைக்கிற இடத்தில் தமிழுக்கு அந்தச் சந்தேகமே வராது என்பது என் கட்சி. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

#2 சேலம் வழக்குரைஞர்

தாமிரபரணி அம்மா, கதையை அழகாகச் சொன்னீர்கள். ஒரு திருத்தம் மட்டும் வேண்டும். கமா இல்லாததால் ஓட்டுநர்கள் ஜெயித்தார்கள் என்று செய்தித்தாள்கள் எழுதியது பாதி உண்மைதான். அந்தத் தீர்ப்பு படிக்கத் தக்கது. நீதிபதி டேவிட் பாரன், ஒரு கமா இல்லாத குறையால்தான் இந்த வழக்கே நம்மிடம் வந்திருக்கிறது என்று தொடங்குகிறார். ஆனால் முடிவு கமாவில் நிற்கவில்லை.

இரண்டு பக்கத்திலும் நல்ல வாதம் இருந்தது. பண்ணை சொன்னது: மெய்ன் மாநிலச் சட்ட வரைவுக் கையேடே கடைசிக் கமாவைப் போடாதே என்கிறது, ஆகவே கமா இல்லாததை வைத்து எந்த அர்த்தமும் எடுக்க முடியாது. மேலும், 'பேக்கிங்'தான் கடைசி வேலை என்றால் அதற்கு முன்னால் ஒரு 'ஆர்' வந்திருக்க வேண்டுமே, ஏன் வரவில்லை? தவிர, ஷிப்மென்ட்டும் டிஸ்ட்ரிப்யூஷனும் ஒன்றேதான் என்றால் இரண்டு சொல் எதற்கு?

ஓட்டுநர்கள் தரப்பின் வாதம் இலக்கணம் படித்தவர்களுக்கு இனிக்கும். கேனிங், ட்ரையிங், ஸ்டோரிங் என்று பட்டியலில் இருக்கும் வேலைகள் அத்தனையும் 'இங்' என்று முடியும் தொழிற்பெயர்கள். 'ஷிப்மென்ட்', 'டிஸ்ட்ரிப்யூஷன்' இரண்டு மட்டும் அப்படி முடியவில்லை. வினியோகமும் தனி வேலை என்றால் 'டிஸ்ட்ரிப்யூட்டிங்' என்றல்லவா எழுதியிருப்பார்கள்? இனத்தோடு இனம் சேர வேண்டும் என்ற வாதம்.

நீதிமன்றம் இரண்டையும் எடைபோட்டு, வாசகம் ஐயத்துக்கு இடமானது என்று சொன்னது. ஊதியச் சட்டத்தில் ஐயம் வந்தால் அந்தச் சட்டம் யாரைக் காக்க வந்ததோ அவர் பக்கம் சாய்த்துப் படிக்க வேண்டும் என்பது மெய்ன் மாநிலத்தின் நெறி. அந்த நெறிதான் ஜெயித்தது. கமா வாசலைத் திறந்துவிட்டது, அவ்வளவே.

வேடிக்கை பார்க்காமல் சட்டமன்றமும் வாசகத்தைத் திருத்தியது. இப்போது ஒவ்வொரு வேலைக்கும் நடுவில் அரைப்புள்ளி நிற்கிறது. 'டிஸ்ட்ரிப்யூஷன்' போய் 'டிஸ்ட்ரிப்யூட்டிங்' வந்துவிட்டது. நான் என் ஜூனியர்களிடம் காட்டுவது இந்தத் திருத்தத்தைத்தான். கமா ஒன்றைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் சொல்லின் உருவத்தையே மாற்றினார்கள்.

#3 ஸ்காபரோ பெடியன்

அக்கா, நான் கனடாவில இருந்து எழுதுறன். உந்தப் பால் வண்டி வழக்குக்கு முதலே இங்க ஒரு கமா வழக்கு நடந்தது. ரோஜர்ஸ் எண்ட கேபிள் கொம்பனிக்கும் அலையன்ட் எண்ட தொலைபேசிக் கொம்பனிக்கும் இடையில. கம்பங்களில கேபிள் இழுக்கிறதுக்கு வாடகை ஒப்பந்தம்.

ஒப்பந்தம் அஞ்சு வருசத்துக்கு இருக்கும், கமா, பிறகு அஞ்சஞ்சு வருசமாத் தொடரும், கமா, ஒரு வருச முன்னறிவித்தல் குடுத்து முடிச்சாலொழிய எண்டு ஆங்கிலத்தில எழுதியிருந்தது. முதல் அஞ்சு வருசத்துக்குள்ள ஒருத்தரும் அசைக்கேலாது எண்டு ரோஜர்ஸ் நம்பிக்கொண்டு இருந்தது. அலையன்ட் இடையில அறிவித்தல் குடுத்திட்டுது. அந்த ரெண்டாவது கமா நிக்கிறபடியால் முன்னறிவித்தல் சங்கதி முதல் அஞ்சு வருசத்துக்கும் பொருந்தும் எண்டு 2006இல தொலைத்தொடர்பு ஆணையம் முடிவு சொன்னது. இருபது லட்சம் டொலருக்கு மேல நட்டம் வரும் எண்டு பேச்சு.

இதுக்குப் பிறகு நடந்ததுதான் உங்கட கதைக்குப் பொருத்தம். இங்க எல்லாம் ரெண்டு மொழியில இருக்கும். ரோஜர்ஸ் அதே மாதிரி ஒப்பந்தத்தின்ர பிரெஞ்சு வடிவத்தை எடுத்துக் கொண்டுபோய்க் குடுத்தது. பிரெஞ்சில ஒரு கருத்துத்தான் வரும், முதல் அஞ்சு வருசம் முடிக்கேலாது எண்ட கருத்து. 2007இல ஆணையம் முன்னைய முடிவை மாத்தினது. ஆங்கிலத்தில கமா கிளப்பின சந்தேகத்தைப் பிரெஞ்சு தீர்த்து வைச்சது. நீங்கள் தமிழுக்குக் கொண்டுபோய்ப் பாத்த மாதிரித்தான்.

#4 ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, திருச்சி

31 வருடம் ஆங்கிலம் நடத்தியிருக்கிறேன். சிவப்பு மையால் அந்தக் கமாவை அடித்தவர்களில் நானும் ஒருத்தி, அதற்காக வருந்தவில்லை. பத்தாம் வகுப்பில் அறுபது பிள்ளைகள் இருக்கும்போது "இப்படியும் எழுதலாம், அப்படியும் எழுதலாம்" என்று சொன்னால் பிள்ளை எதையும் எழுதாது. முதலில் ஒரு வழியைப் பிடித்துக்கொள்ள வேண்டும், விலகுவது பிறகு.

நாங்கள் செய்த உண்மையான தவறு வேறு. "எங்கே மூச்சு விடுகிறாயோ அங்கே கமா போடு" என்று சொல்லிக் கொடுத்தோம். எனக்கும் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள். ஆங்கிலக் கமா மூச்சுக்காக இருந்த காலம் உண்டு, உரக்கப் படித்த காலம் அது. இன்றைக்கு அது அர்த்தத்தைப் பிரிக்கிற வேலி. 'ஹூ', 'விச்' வரும் இடங்களில் இது தெரியாமல் எத்தனை பேர் திண்டாடுகிறார்கள்! இதை நான் புரிந்துகொண்டபோது இருபது வருடச் சர்வீஸ் முடிந்திருந்தது. அந்த இருபது வருடப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் கஷ்டமாக இருக்கிறது.

இன்னொன்று. கமாவையாவது ஒப்புக்கொள்ளலாம். ஒரே ஒரு ஆளைக் குறிக்க 'தே' போடுகிறார்களே, "எவரி ஸ்டூடன்ட் மஸ்ட் பிரிங் தெயர் புக்" என்று, அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? ஒருமைக்கு ஒருமை, பன்மைக்குப் பன்மை. அதையும் விட்டுவிட்டால் இலக்கணம் என்று என்னதான் மிஞ்சும்?

#5 தாமிரபரணி

டீச்சர், அந்த 'ஹூ' கமாவால் ஒரு முழு இரவு தூங்காமல் இருந்தவள் நான். ஒரு நிறுவனத்தின் சுற்றறிக்கை மொழிபெயர்ப்புக்கு வந்தது. "எம்ப்ளாயீஸ், ஹூ ஹேவ் கம்ப்ளீட்டட் ஃபைவ் இயர்ஸ், வில் பி பெய்ட்..." என்று இரண்டு பக்கமும் கமாவோடு இருந்தது. அந்தக் கமாக்களை மதித்தால், ஊழியர்கள் எல்லோருமே ஐந்து வருடம் முடித்தவர்கள், எல்லோருக்கும் தொகை உண்டு என்று அர்த்தம். கமாக்களை எடுத்துவிட்டால், ஐந்து வருடம் முடித்தவர்களுக்கு மட்டும்.

தமிழில் "ஐந்து வருடம் முடித்த ஊழியர்களுக்கு" என்று எழுதினால், படிப்பவர்கள் 'முடித்தவர்களுக்கு மட்டும்' என்றே எடுத்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் எழுதியவர் மூச்சு விடுகிற இடத்தில் கமா போட்டவர் என்று என் உள்மனம் சொன்னது. ஆனாலும் என் ஊகத்தால் ஒருவருடைய பணம் போகக் கூடாது அல்லவா? காலையில் அவர்களையே கேட்டேன். "மட்டும்தான்" என்றார்கள். ஆங்கில மூலத்தையும் திருத்தச் சொன்னேன். செய்யவில்லை. அந்தக் கமாக்கள் இன்றும் அந்தக் கோப்பில் கிடக்கின்றன என்பது எனக்குச் சங்கடமாகவே இருக்கிறது.

#6 இலக்கண மாணவன்

டீச்சரம்மா கேட்ட 'தே' கேள்விக்கு வருகிறேன். ஒருவரைக் குறிக்கும் 'தே' இன்றைய பிள்ளைகள் கொண்டுவந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசர் காலத்திலிருந்து அது ஆங்கிலத்தில் உண்டு. ஷேக்ஸ்பியரிடமும் ஜேன் ஆஸ்டனிடமும் உண்டு. 18ஆம் நூற்றாண்டில் இலக்கணம் எழுதியவர்கள்தான் 'ஹி' போதும் என்றார்கள். பிரிட்டிஷ் பாராளுமன்றம் 1850இல் ஒரு சட்டத்தில், ஆண்பால் சொல் பெண்ணையும் உள்ளடக்கும் என்றே எழுதி வைத்தது. 2017இல் அசோசியேட்டட் பிரஸ் கையேடு ஒருமை 'தே'வைச் சில இடங்களில் அனுமதித்தது. 2019இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதி ஆண்டின் சொல்லாக அதைத்தான் எடுத்தது.

'யூ'வையும் பாருங்கள். அது பன்மைச் சொல். ஒருமைக்குத் 'தௌ' இருந்தது. மரியாதைக்காகப் பன்மையை ஒருவருக்கே சொல்லிச் சொல்லி ஒருமை செத்துப்போனது. "யூ ஆர்" என்று ஒரே ஆளைப் பார்த்துச் சொல்லும்போது யாரும் இன்று கையெடுத்துத் தடுப்பதில்லை.

நமக்கு இது புதிதும் இல்லை. "ஆசிரியர் வந்தார்" என்கிறோம். 'அர்', 'ஆர்' பலர்பால் விகுதிகள். வந்தவர் ஒருவர். இதைத் தொல்காப்பியர் கிளவியாக்கம் என்ற இயலில் கையாண்ட விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஒருவரைப் பன்மையால் கூறுவது வழக்கில் உயர்வு பற்றி வரும் சொல், இலக்கண முறைப்படி அமைந்தது அன்று என்கிறார். அவர் வழக்கைத் தடுக்கவில்லை, அது விதிக்கு வெளியே நிற்கிறது என்பதை மறைக்கவும் இல்லை. ஆங்கிலத்தில் இருநூறு வருடமாக நடக்கும் சண்டையில் இந்த நிதானம் எந்தப் பக்கத்திலும் அதிகம் காணோம்.

'குறைவு' என்று சொல்ல 'ஃப்யூவர்' போடுவதா 'லெஸ்' போடுவதா என்ற சண்டையும் அதே வகைதான். எண்ணக்கூடியதற்கு 'ஃப்யூவர்' நன்றாக இருக்கும் என்று ராபர்ட் பேக்கர் 1770இல் தன் விருப்பமாகச் சொன்னார். பின்னால் வந்தவர்கள் அதை விதியாக்கினார்கள். வாக்கியத்தை ப்ரெப்பொசிஷனில் ('இன்', 'ஆஃப்' போன்ற சொல்லில்) முடிக்கக் கூடாது என்பதும் 1672இல் கவிஞர் டிரைடன், தனக்கு முந்திய நாடக ஆசிரியர் பென் ஜான்சனைக் குறை சொன்ன இடத்திலிருந்து வளர்ந்தது.

#7 ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, திருச்சி

தம்பி, தொல்காப்பியத்தைச் சொல்லி என்னை யோசிக்க வைத்துவிட்டாய். 'அவர்' என்று நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டு 'தே'வை அடித்திருக்கிறேன். பரீட்சைத் தாளில் இன்னும் எனக்குத் தயக்கம் உண்டு, ஆனால் தவறு என்று இனி எழுத மாட்டேன்.

அப்பாஸ்ட்ரஃபியில், அதாவது எழுத்துக்கு மேலே போடும் அந்தக் குறியில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். அந்தக் குறி இருக்கிற 'இட்ஸ்', இல்லாத 'இட்ஸ்' இரண்டையும் குழப்புவதைப் பார்த்தால் இன்றும் கை பேனாவைத் தேடுகிறது. இங்கிலாந்தில் ஜான் ரிச்சர்ட்ஸ் என்ற ஓய்வுபெற்ற பத்திரிகைக்காரர் 2001இல் அப்பாஸ்ட்ரஃபியைக் காக்க ஒரு சங்கமே தொடங்கினார். 2019இல், 96 வயதில், அறியாமையும் சோம்பலும் ஜெயித்துவிட்டன என்று சொல்லி மூடினார். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு மனசு கனத்துப்போனது.

#8 அடுக்ககச் செயலாளர்

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை. தாமிரபரணி அம்மா "தமிழுக்கு அந்தச் சந்தேகமே வராது" என்று எழுதியதைப் பார்த்ததும் எழுத வேண்டும் என்று தோன்றியது. எங்களுக்கு வந்திருக்கிறது.

எங்கள் அடுக்ககத்தில் 24 வீடு, அதில் 6 கீழ்த்தளம். ஏப்ரலில் நானே எழுதி ஒட்டிய அறிவிப்பு இது:

"மாடி வீடுகளுக்கான லிஃப்ட், ஜெனரேட்டர் மற்றும் தண்ணீர் லாரிச் செலவு மாதந்தோறும் தனியாக வசூலிக்கப்படும்."

நான் நினைத்தது, லிஃப்ட் செலவு மாடிக்காரர்களுக்கு, மற்ற இரண்டும் எல்லோருக்கும். கீழ்த்தளத்தார் படித்தது, மூன்றுமே மாடிக்காரர்களுக்கு. நான்கு மாதம் அவர்கள் கட்டவில்லை. கேட்டால் அறிவிப்பைக் காட்டுகிறார்கள். அவர்கள் மேல் கோபமாக இருந்தேன். இந்த இழையைப் படித்த பிறகு அறிவிப்பை மறுபடி படித்தேன். அவர்கள் படித்ததும் சரியாகத்தான் இருக்கிறது.

#9 தாமிரபரணி

ஐயா, நீங்கள் எழுதியது நல்லதாயிற்று. என் கட்சியைத் திருத்திக்கொள்கிறேன். தமிழுக்குச் சந்தேகம் வராது என்றது தவறு.

ஆனால் அந்த 'மற்றும்' எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். "அம்மாவும் அப்பாவும் தம்பியும் வந்தாங்க" என்றுதான் வீட்டில் பேசுகிறோம். "அம்மா, அப்பா மற்றும் தம்பி வந்தாங்க" என்று யாரும் பேசுவதில்லை. ஆங்கிலத்தின் 'அண்ட்' இருக்கும் இடத்தில் ஒரு சொல் வேண்டும் என்று அலுவலகத் தமிழ் 'மற்றும்' போடப் பழகியது. எண்ணும்மையை, அதாவது ஒவ்வொரு சொல்லோடும் ஒட்டும் 'உம்'மை விட்டுவிட்டுக் கமாவையும் 'மற்றும்'மையும் வைத்துப் பட்டியல் கட்டினால், பால் வண்டிக்காரர்களின் சந்தேகம் நம் படிக்கட்டுக்கே வந்துவிடுகிறது. என் மொழிபெயர்ப்புகளிலும் ஆயிரம் 'மற்றும்' இருக்கும். வாடிக்கையாளர்கள் கேட்டு வாங்குகிறார்கள்.

"மாடி வீடுகளுக்கான லிஃப்ட் செலவும், ஜெனரேட்டர் செலவும், தண்ணீர் லாரிச் செலவும்" என்று எழுதியிருந்தால் சண்டை வந்திருக்காது என்று நினைக்கிறேன்.

#10 இலக்கண மாணவன்

அக்கா, அதில் சந்தேகம் குறையுமே தவிர முழுதாகப் போகாது. 'மாடி வீடுகளுக்கான' என்ற அடை முன்னால் நிற்கிறது. அது முதல் செலவோடு நிற்குமா, மூன்றையும் போர்த்துமா என்பதை 'உம்' சொல்லாது. கனடாக்கார அண்ணன் சொன்ன வழக்கில் கடைசியில் நின்ற தொடர் எதுவரை பின்னோக்கிப் போகும் என்பது கேள்வி. ஆங்கிலத்தில் வாலில் வருகிற தொல்லை நமக்குத் தலையில் வருகிறது. அடையைக் கடைசிப் பெயருக்கு மட்டும் கொண்டுபோங்கள்: "ஜெனரேட்டர் செலவும், தண்ணீர் லாரிச் செலவும், மாடி வீடுகளுக்கான லிஃப்ட் செலவும்." இடம் மாறியதும் சரியாகிவிட்டது.

#11 சேலம் வழக்குரைஞர்

தம்பி சொன்னது சரி. நான் இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே வாக்கியத்தில் எழுதாதீர்கள் என்பேன். யாருக்கு எது என்று இரண்டு வாக்கியமாகப் பிரியுங்கள்.

செயலாளர் ஐயா, பழைய நான்கு மாதப் பாக்கியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். ஒப்பந்தச் சட்டத்தில் ஒரு பழைய நெறி உண்டு: வாசகம் இரண்டு அர்த்தம் தந்தால், அதை எழுதியவருக்குப் பாதகமான அர்த்தத்தையே எடுக்க வேண்டும். எழுதும்போது தெளிவாக எழுத அவருக்கு வாய்ப்பு இருந்தது, படித்தவருக்கு இல்லை. உங்கள் அறிவிப்பு ஒப்பந்தம் ஆகாது, நீதிமன்றத்துக்கும் போகப் போவதில்லை. ஆனாலும் கீழ்த்தளத்தாரிடம் பேசும்போது இந்த நியாயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

#12 அடுக்ககச் செயலாளர்

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் முடிந்தது. வாசகத்தில் குழப்பம் என் கையால் வந்தது என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். மாடிக்காரர்கள் இரண்டு பேர் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. அறிவிப்பைச் சத்தமாக இரண்டு விதமாகவும் படித்துக் காட்டினேன். அதன்பிறகு பேச்சு தணிந்தது. நான்கு மாதப் பாக்கியைக் கீழ்த்தளத்தாரிடம் கேட்பதில்லை, பொது நிதியிலிருந்து ஈடுகட்டுவது என்று முடிவாயிற்று. நாளைக்கு ஒட்டப் போகிற அறிவிப்பு இது. யாருக்காவது வேறு அர்த்தம் தோன்றினால் இன்றிரவே சொல்லுங்கள்.

"ஜெனரேட்டர் செலவையும் தண்ணீர் லாரிச் செலவையும் 24 வீட்டாரும் சமமாகக் கட்ட வேண்டும். லிஃப்ட் செலவை மாடியில் உள்ள 18 வீட்டார் மட்டும் சமமாகக் கட்ட வேண்டும்."

#13 ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, திருச்சி

மூன்று முறை படித்தேன். எனக்கு ஒரே அர்த்தம்தான் வருகிறது. ஒட்டுங்கள்.